சோடி சேர்க்கும் முன்

புறா வளர்க்கப் போகிறேன், எந்தச் சோடி நல்லது என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் உடனே மறுமொழி சொல்வதில்லை. "முதல்ல உன்ர வளவைக் காட்டு" என்பேன். கூரை ஓடா தகரமா, கடற்காற்று நேரே அடிக்குமா, பூனை யாருடையது, பக்கத்துத் தென்னையில் பருந்து வந்து குந்துமா, எச்சம் விழுந்தால் அயலவர் சண்டைக்கு வருவாரா, எல்லாம் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் குருநகரில் வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. தொடர்மாடியில் இருப்பவருக்கு வளவே கிடையாது.

சோடியைச் சேர்ப்பவர் நீங்கள். ஆனால் பிறந்ததில் எது மிஞ்சும் என்ற தீர்மானத்தில் உங்களுக்குப் பாதிப் பங்குதான். மற்றப் பாதி இந்தக் கரையின் வெயிலுக்கும் மாரிக்கும் இராசாளிக்கும் உரியது. இது விளங்காமல் வடிவுக்கு மட்டும் சோடி போட்டவர்களின் கூடுகள் சில வருடங்களில் வெறுங்கூடாகிப் போனதைக் கண்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வாய் நொந்ததை இங்கே எண் போட்டு எழுதுகிறேன். சிலது நீளும், சிலது ஒரு வரியில் முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வருடம் எந்தக் கலப்பும் வேண்டாம். சாதாரண ஹோமரோ ஊர்ப்புறாவோ இரண்டு சோடி வாங்குங்கள். முட்டை இரண்டு, முதல் முட்டை பின்னேரத்தில் விழும், மற்றது ஒரு நாள் இடைவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு. அடை 17 அல்லது 18 நாள். பகலில் ஆண் குந்தும், இரவில் பெட்டை. குஞ்சு பொரித்ததும் இரண்டின் தொண்டைப்பையிலும் பால் சுரக்கும். ஆண்பறவையும் பால் ஊட்டுகிற இனங்கள் உலகத்தில் மிகக் குறைவு. பூநாரையைச் சொல்லலாம், தென்துருவத்துப் பேரரசப் பென்குயினைச் சொல்லலாம், அதற்குமேல் விரல் மடக்க ஆளில்லை. இந்த வளர்ப்பை முட்டையிலிருந்து செட்டை முளைத்துப் பறக்கும்வரை ஒருமுறை முழுதாகப் பார்த்தவருக்குத்தான் கீழே வருவதெல்லாம் விளங்கும்.

2. ஒரு கொப்பி வாங்குங்கள். குஞ்சுக்கு 7, 8 நாளானதும் காலில் இலக்க வளையம் போட வேண்டும். அதற்குப் பிந்தினால் கால் தடித்துவிடும், வளையம் ஏறாது. தகப்பன் இலக்கம், தாய் இலக்கம், பொரித்த திகதி, பொரிக்கும்போது தூவி அடர்த்தியா குறைவா, செட்டை வந்தபின் நிறம், தலையில் கொண்டை உண்டா என்று எழுதுங்கள். பொரித்ததை எல்லாரும் எழுதுவார்கள். செத்ததையும் தொலைந்ததையும், ஏன் என்பதையும் எழுதுகிறவர் குறைவு. என் கொப்பியில் எனக்குப் பிடித்தது அந்தப் பக்கம்தான். எந்தச் சோடியின் பிள்ளைகள் மாரியைத் தாண்டுகின்றன என்று அது சொல்லும். வாய்க்கணக்கு ஆறு மாதத்தில் மறந்துபோகும், அல்லது நமக்கு விருப்பமான பக்கம் சாய்ந்துவிடும்.

3. எல்லாப் புறாவுக்கும் அடியில் நீலம் இருக்கிறது. வாலை விரிக்கும் மயில்புறா, தொண்டையை ஊதும் பவுட்டர், கழுத்துச் சிறகு தலையை மூடும் யக்கோபின், ஆகாயத்தில் கரணமடிக்கும் டம்ளர், வீடு திரும்பும் ஹோமர் என்று உலகத்தில் 350க்கும் மேற்பட்ட சாதிகள் உண்டு. அவ்வளவும் ஒரே மாடப்புறாவின் பிள்ளைகள். அந்த மூதாதையின் காட்டு உறவினரைப் பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. நிலாவெளிக்கு முன்னால் கடலுக்குள் கிடக்கிற புறாத்தீவு அவற்றால் பெயர் பெற்றது. 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். போகிறவர்கள் பவளப்பாறை பார்க்கத் தலையைத் தண்ணீருக்குள் விடுகிறார்கள். நீங்கள் போனால் பாறைப் பக்கம் நிமிர்ந்து பாருங்கள்: சாம்பல் நீல உடம்பு, செட்டையில் இரண்டு கரும்பட்டை, வால் நுனியில் ஒரு கரும்பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுக்கம். இதுதான் அச்சு.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சார்ள்ஸ் டார்வின். 1855இல் தன் வீட்டில் புறாக்கூடு கட்டி, லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் சேர்ந்து, சாராயக்கடைக் கூட்டங்களில் புறாக்காரரோடு இருந்து கதை கேட்டவர் அவர். அவருக்குப் புறாத் தோல்கள் சேர்த்து அனுப்பியவர்களில் ஒருவர் எங்களுக்கு அக்கரையில், சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த வால்டர் எலியட். அக்பர் பாதுசா 20,000 புறா வைத்திருந்த கதையையும், அவர் சாதி கலந்து புறாக்களைத் திருத்தியதையும் டார்வின் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த விஞ்ஞானத்தில் எங்கள் பக்கத்துக் கூடுகளுக்கும் பங்கு உண்டு.

டார்வின் முழு வெள்ளை மயில்புறாவை முழுக் கறுப்பு பார்ப் சாதியோடு சேர்த்தார். பிள்ளைகள் கறுப்பும் மண்ணிறமும் புள்ளியுமாக வந்தன. அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தபோது ஒரு பேரக்குஞ்சு நீல உடம்பும் இரட்டைக் கரும்பட்டையுமாக, அசல் காட்டுப்புறாவாக வந்து நின்றது. 1859இல் வெளிவந்த புத்தகத்தில் அதை வியந்து எழுதியிருக்கிறார். இன்று காரணம் தெரியும். பல கறுப்புப் புறாக்களில் நீலத்தின்மேல் நிறம் பரப்புகிற ஒரு பரம்பரையலகு வேலை செய்கிறது. வெள்ளையில் வேறொன்று எல்லாவற்றையும் மறைக்கிறது. மறைப்பது விலகினால் அடியில் இருந்தது தெரியும். ஆகவே வெள்ளையும் கறுப்பும் சேர்த்து நீலம் பொரித்தால், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று அவன் வீட்டுப் படலையில் போய் நின்று சத்தம் போடாதீர்கள்.

4. தாயின் நிறம் மகனுக்கு, தகப்பனின் நிறம் மகளுக்கு. இந்த ஒன்றை மனப்பாடம் செய்தால் பாதி ஆசிரியர் ஆகிவிடலாம்.

மனிதரில் ஆணுக்கு எக்ஸ் வை, பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பறவையில் இது மாறி நிற்கிறது. ஆணுக்கு இரண்டு இசட் நிறமூர்த்தம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்க முடியும். மகளுக்கு இசட் வருவது தகப்பனிடமிருந்து மட்டும். புறாவின் மூன்று அடிப்படை நிறங்கள், அதாவது சாம்பற்சிவப்பு, நீலம், மண்ணிறம், இந்த இசட்டில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சாம்பற்சிவப்பு மற்ற இரண்டுக்கும் ஆட்சியானது. நீலம் மண்ணிறத்துக்கு ஆட்சியானது. வளர்ப்பவர்கள் கண்ணால் கண்டு வைத்திருந்த இந்தக் கணக்கின் பரம்பரையலகை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஷப்பிரோவின் குழு 2014இல் டி.என்.ஏயில் சுட்டிக் காட்டியது.

இனிப் பயனைப் பாருங்கள். நீல ஆணுக்குச் சாம்பற்சிவப்புப் பெட்டையைச் சேருங்கள். பிறக்கும் ஆண் எல்லாம் தாயைப் போலச் சாம்பற்சிவப்பு. பெட்டை எல்லாம் தகப்பனைப் போல நீலம். புறாவில் ஆண் பெட்டை பிரிப்பது பெரிய தலையிடி என்பது தெரியும்தானே? குமுறி ஆடுகிற வயது வரும்வரை காத்திருந்து, இரண்டு ஆணைச் சோடி என்று விற்று ஏச்சு வாங்கினவர்கள் உண்டு. இந்தச் சேர்க்கையில் சிறகு முளைக்கும்போதே விடை வந்துவிடும். மாற்றிப் போட்டால், அதாவது ஆண் சிவப்பு, பெட்டை நீலம் என்றால், இந்தப் பிரிப்பு கிடைக்காது.

சாம்பற்சிவப்பை எப்படி அறிவது? செட்டைப்பட்டை செங்கல் நிறமாக இருக்கும், வால் நுனியில் கரும்பட்டை இராது, வால் வெளிறிக் கிடக்கும். உடம்பு முழுக்க, வால்வரை ஆழச் சிவந்த புறாவும் உண்டு. அதன் கணக்கு வேறு, அது இசட்டில் ஏறுவதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதவர் இல்லை. சாம்பற்சிவப்பு ஆணின் செட்டையிலும் வாலிலும் மை தெறித்ததுபோல் கறுப்புப் பொட்டுகள் கண்டால், அது நீலத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொட்டைக் குறை என்று விலை பேசிக் குறைத்து வாங்குங்கள். இனம்பெருக்குபவருக்கு அது நல்ல தகவல்.

இன்னொன்று. பொரிக்கும்போதே தூவி மிகக் குறைவாக, மொட்டையாக வருகிற குஞ்சு, வளர்ந்தபின் வெளிறிய நிறமாகும். வெளிறலும் இசட்டில் இருப்பது, பின்னிடைவானது. ஆகவே தாயும் தகப்பனும் கடும் நிறமாக இருந்து, மொட்டைக்குஞ்சு ஒன்று வந்தால் அது பெட்டை. முதல் நாளே கொப்பியில் எழுதிவிடலாம்.

5. கொண்டை ஒளிந்திருக்கும். பிடரியில் சிறகு மேல்நோக்கி நிற்கிற கொண்டை பின்னிடைவான குணம். தாயிடமும் தகப்பனிடமும் இருந்து ஒவ்வொன்றாக வந்தால்தான் தெரியும். ஷப்பிரோ குழு 2013இல் புறாவின் முழு மரபுத்தொகுதியை வாசித்தபோது, எந்தச் சாதியில் கொண்டை இருந்தாலும் காரணம் ஒரே பழைய விகாரம் என்று கண்டது. ஒருமுறை தோன்றியதை மனிதர் சாதி சாதியாகப் பரப்பியிருக்கிறார்கள்.

கொண்டையை ஒளித்து வைத்திருக்கும் இரண்டு மொட்டைத்தலைகளைச் சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சுக்குக் கொண்டை வர வேண்டும் என்பது கணக்கு. ஆனால் புறா ஒரு ஈட்டில் இரண்டுதான் பொரிக்கும். எட்டுக் குஞ்சு பார்த்தும் ஒரு கொண்டைகூட வராமல் போக ஏறக்குறையப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டாம் ஈட்டோடு பொறுமை இழந்து சோடியைப் பிரிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சந்தேகப்படுகிற புறாவை நேரே கொண்டையுள்ள புறாவோடு சேர்ப்பது குறுக்குவழி. அது கொண்டையை ஒளித்து வைத்திருந்தும் எட்டும் மொட்டையாகவே வர 256இல் ஒரு வாய்ப்புத்தான்.

6. ஒரு கூட்டுக் குஞ்சு இரண்டையும் சோடியாக்காதீர்கள். "ஒரு ஈட்டில ஒண்டு ஆண், ஒண்டு பெட்டை" என்று சொல்லி விற்பார்கள். அது பாதித் தடவைதான் உண்மை. உண்மையாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் நீங்கள் சேர்ப்பது அண்ணனையும் தங்கையையும். மச்சான் மச்சாள் கலியாணம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. அதில் ஒரே மூதாதையின் பிரதி இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு 6.25 வீதம். அரைச் சகோதரத்தில், அதாவது தகப்பன் ஒன்று தாய் வேறு என்றால், 12.5. கூடப்பிறந்ததிலும் தகப்பன் மகளிலும் 25. ஒளிந்திருக்கும் கெடுதலெல்லாம் அங்கே வெளியே வரும்: கூழ்முட்டை, ஓட்டுக்குள்ளேயே சாகிற குஞ்சு, தீன் பொறுக்கத் தொடங்கும்போது வாடி விழுகிறது.

நல்ல புறா ஒன்றின் குணத்தை நிலைக்கவைக்கப் பேத்தியைத் தாத்தாவோடு சேர்க்கிற வழக்கம் பழையவர்களிடம் உண்டு. தெரிந்து, எழுதிவைத்து, ஒருமுறை செய்யலாம். ஆனால் குருநகர், பாசையூர், கொழும்புத்துறை என்று நாங்கள் சில பேர் எங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்கிற புறாக்கள் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று சொந்தம். புது இரத்தம் வேண்டுமென்றால் மன்னாரிலோ வவுனியாவிலோ தெரிந்தவரிடம் கேளுங்கள். வந்த புறாவைக் கூட்டில் விடமுன் 30 நாளாவது தனியே வையுங்கள். இரத்தத்தோடு நோயும் வரும்.

7. தன் குஞ்சுக்குத் தானே தீத்த முடியாத புறாவைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். இது என் பிடிவாதம். சொண்டு கட்டையான ஆந்தைப்புறாவை எல்லாருக்கும் பிடிக்கும். கண்ணும் முகமும் குழந்தை மாதிரி. அந்தக் கட்டைச் சொண்டுக்குப் பெரும் காரணமான பரம்பரையலகும் இசட்டில்தான் இருக்கிறது என்று 2021இல் கண்டார்கள். மிகக் கட்டையான சொண்டுக்காரர் குஞ்சின் வாயைப் பிடித்து ஊட்ட மாட்டார். முட்டையை ஹோமர் சோடிக்கு மாற்றி, அதுவும் இரண்டு சோடியும் ஓரிரு நாள் வித்தியாசத்தில் இட்டிருந்தால்தான், வளர்த்தெடுக்கலாம். கட்டைச்சொண்டு டம்ளர் குஞ்சுகளில் ஓட்டை உடைத்து வெளியே வருவதைவிட உள்ளேயே சாவது கூட, வளர்ப்பவர் கைகொடுத்தே பொரிக்கவைக்கிறார் என்று டார்வினே குறித்திருக்கிறார். நூற்றைம்பது வருடம் தாண்டியும் அதே கதை.

ஆல்மன்ட் என்கிற பலநிறப் புள்ளிப் புறாவும் அப்படி. ஆல்மன்டை ஆல்மன்டோடு சேர்க்கவே கூடாது. அந்தப் பரம்பரையலகும் இசட்டில். ஆணுக்கு இரண்டு பக்கமும் அது வந்தால் கண் கெட்டுப் பிறக்கும், அனேகமாகத் தப்பாது. ஒரு பக்கம் ஆல்மன்ட், மறுபக்கம் சாதாரண நிறம்; அதுதான் ஒழுங்கு. செட்டையில் பட்டையே இல்லாத புறாவும் பார்க்க வடிவு, ஆனால் அந்தக் குணத்தோடு பார்வைக் குறைவும் சேர்ந்து வருவதுண்டு. கரணம் என்ற குணத்தையும் அளவுக்கு மீறி வடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட இந்தியாவின் லோட்டன் சாட்சி. அதை மெல்லக் குலுக்கி நிலத்தில் விட்டால் போதும், கையில் எடுக்கும்வரை தலைகுப்புற உருண்டுகொண்டே இருக்கும். பார்க்கிறவர் கைதட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

8. வளவு இரத்தத்தில் எழுதாது. தொட்டிலுக்குப் பக்கத்தில் படம் தொங்கவிட்டால் பிள்ளை அப்படிப் பிறக்கும் என்பதுபோல, முட்டைப்பெட்டிக்குச் சிவப்புத் துணி போட்டால் சிவப்புக் குஞ்சு வரும் என்று நம்புகிறவர் இன்னும் இருக்கிறார்கள். வேதாகமத்தில் யாக்கோபு தோலுரித்த கொப்புகளைத் தண்ணீர்த் தொட்டிக்கு முன் நட்டு, வரியும் புள்ளியுமான ஆட்டுக்குட்டிகளைப் பெற்ற கதையைக் கோயிலில் கேட்டிருப்பீர்கள். அதையே கவனமாகக் கேளுங்கள்: பலமான ஆடுகள் பொலியும்போது மட்டும் கொப்பை வைத்தான், பலவீனமானவை வந்தபோது வைக்கவில்லை. கொப்பு செய்யாததை அந்தத் தெரிவு செய்திருக்கும் என்பது என் எண்ணம், சுவாமியாரிடம் சொல்லவில்லை.

தீன் உடம்பை மாற்றும். சிறகு முளைக்கும் நாட்களில் பசி கிடந்தால் சிறகில் குறுக்கே வெளிறிய கோடு விழும். பயறும் சோளமும் சிப்பித்தூளும் ஒழுங்காகக் கிடைத்த குஞ்சு பருத்து மினுங்கும். ஆனால் அந்தப் பருமனும் கோடும் அதன் பிள்ளைக்குப் போகாது. நன்றாகத் தின்று கொழுத்த சுமாரான ஆணை நல்ல சாதி என்று நம்பி வாங்குவதும், பட்டினியில் மெலிந்த உயர்ந்த ஆணைக் கழித்துவிடுவதும் இதனால்தான். வாங்கமுன் அதன் கூடப்பிறந்தவற்றையும் பிள்ளைகளையும் காட்டச் சொல்லுங்கள்.

9. வளவு எழுதாது, ஆனால் தெரிவு செய்யும். இதை விளக்க எனக்கு ஒரு உவமைதான் தெரியும், அது எங்கள் தொழில். வலைக்கண் எந்த அளவோ அதற்கேற்ற மீன்தான் படும். கண்ணுக்குள்ளால் நழுவியது கடலில் இனம் பெருக்கும். கண்ணின் அளவை மாற்றினால், கொஞ்சக் காலத்தில் கடலில் நிற்கிற மீனின் உருவமே மாறும். இராசாளியும் புறாவுக்கு வலைதான்.

கலிபோர்னியாவில் ஏழு வருடம் பைரி என்ற இராசாளி புறாவைத் துரத்துவதைக் கணக்கெடுத்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அங்குள்ள புறாக்களில் ஐந்தில் ஒன்றுக்கு வாலடி முதுகில் வெள்ளைத் திட்டு இருந்தது. ஆனால் பிடிபட்டவற்றில் அந்த வெள்ளைக்காரர் நூற்றுக்கு இரண்டளவுதான். பிறகு வெள்ளைச் சிறகையும் நீலச் சிறகையும் வெட்டி மாற்றி ஒட்டி விட்டார்கள். தப்புகிற பாக்கியமும் சிறகோடு இடம் மாறியது. பாய்ந்து வருகிற பைரியின் கண்ணை அந்த வெள்ளை ஒரு கணம் இழுக்கிறது, அதற்குள் புறா உருண்டு விலகிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். ஐரோப்பியக் காட்டுப்புறாவுக்கு அந்த வெள்ளைத் திட்டு உண்டு. எங்கள் பக்கத்துக் காட்டுப்புறாவுக்கு அந்த இடமும் சாம்பல்தான். ஊருக்கு ஊர் வலைக்கண் வேறு.

வாடைக்காற்றோடு வெளியூர்ப் பைரியும் எங்கள் கரைக்கு வரும். ஐப்பசி தொடங்கினால் இளங்குஞ்சுகளை விடியப்புறமோ பொழுதுபடும்போதோ வெறும் ஆகாயத்தில் விடாதீர்கள். உள்ளூர் வல்லூறு வருடம் முழுக்க நிற்கும். அது கூரை மட்டத்தில் வந்து அள்ளும்.

10. 1995 ஐப்பசி கடைசியில் போரில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் எல்லாம் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது, கூட்டைத் திறந்துவிட்டுத்தான் புறாக்காரர் போனார்கள். பூட்டிவிட்டுப் போவதற்கு யாருக்கு மனம் வரும்? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மயில்புறா ஒன்றையும் காணவில்லை. யக்கோபினும் இல்லை, பக்கப் பார்வையை மறைக்கிற அந்தக் கழுத்துச் சிறகோடு பூனைக்குத் தப்ப ஏலாது. கொண்டை, கால்செட்டை, வெள்ளை எல்லாம் போய்விட்டன. உடைந்த சுவர்களிலும் கோயில் முகட்டிலும் நின்றவை நீலப்பட்டையும் கறுப்புச் சதுரப் புள்ளியும்தான். தீன் போட ஆளில்லாத அந்தக் காலம், நாங்கள் வருடக்கணக்காகச் சேர்த்ததைச் சலித்துவிட்டிருந்தது. நான் மறுபடி தொடங்கியது அந்தச் சுவர்ப்புறாக்களில்தான். இன்றும் என் கூட்டில் நோய் குறைந்த வரிசை அதுதான்.

யூட்டாக்காரர் 2012இல் பல சாதிகளின் டி.என்.ஏயோடு தங்கள் நகரத்துத் தெருப்புறாக்களையும் ஒப்பிட்டபோது, அவை ஹோமருக்குக் கிட்டிய சொந்தமாக நின்றன. பந்தயத்தில் வழி தவறினது தெருவில் குடியேறுகிறது. பறக்கவும் பொறுக்கவும் தெரிந்ததுதான் குடியேறும். சதுரப் புள்ளியின் கதை இன்னும் விசேஷம். அந்தப் புள்ளிக்குரிய பரம்பரையலகு மாடப்புறாவுடையதே இல்லை, ஆபிரிக்காவின் புள்ளிப்புறா என்ற வேறு இனத்திலிருந்து பழைய கலப்பொன்றில் வந்தது என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். நகரங்களில் பட்டைப்புறாவைவிடச் சதுரப்புள்ளிப் புறா பெருகிக் கிடக்கிறது. மனிதர் கூட்டில் நடந்த கலப்பைத் தெரு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

11. பேனையும் பாருங்கள். அதே யூட்டாவில் சாம்பற்புறாவின் பேன்களை எடுத்து வெள்ளைப் புறாவிலும் கறுப்புப் புறாவிலும் விட்டு நாலு வருடம் வளர்த்தார்கள். பேனுக்கு அது 60 தலைமுறை. வெள்ளையில் இருந்த பேன் வெளிறியது, கறுப்பில் இருந்தது கறுத்தது. சொண்டுக்குத் தெரிகிற பேனைப் புறா கோதி எடுத்துவிடும், தெரியாதது பெருகும். கூர்ப்பு என்று புத்தகத்தில் படிப்பது உங்கள் புறாவின் செட்டைக்குக் கீழே நடக்கிறது. சொண்டு நுனி உடைந்த புறாவுக்குப் பேன் ஏறும். அதைக் கிழமைக்கொருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

12. மாரியில் சோடி போட வேண்டாம். நுளம்பு அம்மை பரப்பும், ஈரத் தீனில் பூஞ்சணம் பிடிக்கும், குஞ்சுக்குக் குளிர். தை பிறந்தபின் சேருங்கள்; சோளகம் பலக்கமுன் இரண்டு மூன்று ஈடு எடுத்துவிட்டுப் பிரித்து ஓய்வு கொடுங்கள். ஆனால் எந்த மருந்தும் இல்லாமல் மாரியைத் தாங்கிய புறாவின் இலக்கத்துக்குக் கொப்பியில் கோடு இழுங்கள். அடுத்த தையில் முதல் சோடி அதற்குத்தான். அம்மை வந்ததை மருந்து போட்டுக் காப்பாற்றுங்கள், தடையில்லை. அதை இனம் பெருக்க வைக்க வேண்டாம்.

13. ஹோமர் வளர்ப்பவருக்கு: கூடையில் கொண்டுபோய் விடுவதே தெரிவு. இலங்கையில் இது பழைய வித்தை. 1850களில் காலித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் செய்தியைக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை புறாக்காலில் கட்டிக் கொழும்புக்கு எடுத்தது. தந்திக் கம்பி வந்தபின்தான் அந்தப் புறாக்களுக்கு ஓய்வு. காலியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 115 கிலோமீற்றர். திரும்பி வராதது பிள்ளை பெறாது, வந்தது பெறும். தலைமுறை தலைமுறையாக இந்த ஒரு சல்லடையாலேயே ஹோமர் உருவானது.

நாவற்குழி, சாவகச்சேரி, ஆனையிறவு, கிளிநொச்சி என்று படியாகப் போங்கள். வானம் வெளித்திருக்கிற காலையில் விடுங்கள். படகில் கொண்டுபோய்க் கடலுக்கு நடுவே விட்டுப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம். தண்ணீருக்கு மேலால் பறக்கப் புறாவுக்கு மனம் இல்லை, அதுவும் சோளகம் அடிக்கும்போது ஒதுங்க இடம் இல்லை. ஒருமுறை பிந்தியதை வைத்துக் கழிக்காதீர்கள். மழையோ இராசாளியோ காரணமாக இருக்கலாம். மூன்று நாலு தடவை பார்த்துவிட்டு, கூடப்பிறந்ததின் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

14. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் பறக்கவிட வெள்ளை மயில்புறா கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். வழமையான புறாவுக்கு வாற்சிறகு 12. மயில்புறாவுக்கு 30, 40 வரை போகும். அந்த வாலோடு அது காற்றில் வீடு தேடி வராது. படம் எடுத்து முடிய முதல் காகம் சூழ்ந்துவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் வெள்ளை ஹோமர் கொடுங்கள், உங்கள் கூட்டிலேயே பிறந்து வளர்ந்ததை. அது பொழுதுபட முதல் உங்கள் கூரைக்கு வந்து நிற்கும், வாடகையும் மிஞ்சும்.

15. புறாவைக் கொடுக்கும்போது கொப்பியில் உள்ளதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: தாய், தகப்பன், என்ன ஒளிந்திருக்கிறது, எந்த மாரியைத் தாண்டியது. இரத்தம் தெரியாத வடிவான சோடியைவிட, இரத்தம் தெரிந்த சுமாரான சோடிக்கு நான் கூடக் காசு கொடுப்பேன். வரும் பங்குனியில் என்னிடம் சுவர்ப்புறா வரிசையில் கொஞ்சக் குஞ்சு இருக்கும். தேவையானவர்கள் வாருங்கள். காற்றுப் போகிற ஓலைக்கூடை கொண்டுவர வேண்டும். சப்பாத்துப் பெட்டியோடு வந்தால் தரமாட்டேன். வரமுன் உங்கள் வளவில் பூனை எந்தச் சுவரால் ஏறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், முதல் கேள்வி அதுதான்.